வாய் முதல் வால் வரை பதினைந்து வாரம்

அந்த வருஷம் பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை நான் நடந்த தூரத்தை யாராவது அளந்திருந்தால் எங்கள் பல்கலைக்கழகம் இருந்த கும்புக்வெவயிலிருந்து கொழும்புக்குப் போய்த் திரும்பி, மறுபடியும் குருநாகல் வரைக்கும் வந்திருக்கும். அத்தனையும் ஒரே வராந்தாவில் நடந்தது. ஆங்கிலப் பிரிவின் வராந்தா நாற்பத்தோரு எட்டு நீளம். இந்தக் கோடியில் தண்ணீர்க் குழாய், அந்தக் கோடியில் துறைத் தலைவி இலங்ககோன் மேடத்தின் அறை. குழாயைத் தொடுவேன், மேடத்தின் கதவைத் தொடுவேன், திரும்புவேன். ஒரு மாதத்தில் சிமெண்டில் லேசாகப் பள்ளம் விழுந்தது. மழை நாளில் அதில் தண்ணீர் நின்றதை நானே பார்த்திருக்கிறேன்.

காரணம் ஒன்றுதான். விவசாய பீடத்து முதல் வருஷத்தில் அறுபத்திரண்டு பிள்ளைகள். இரண்டாம் வருஷத்திலிருந்து விரிவுரை எல்லாம் ஆங்கிலத்தில். அங்கே போக வேண்டுமானால், பதினைந்தாவது வாரம் கொழும்பிலிருந்து வரும் வெளிப் பரீட்சகர் முன்னால் ஆளுக்கு ஐந்து நிமிஷம் ஆங்கிலத்தில் பேசி நாற்பது மார்க் எடுக்க வேண்டும். எடுக்காதவர்கள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அந்த அறுபத்திரண்டு பேருக்கும் பாடத்திட்டம் போட்டவன் நான். அறுபத்திரண்டு பேரில் ஒருவர்கூட என் வகுப்பில் வாயைத் திறக்கவில்லை.

பாடத்திட்டத்தில் குற்றம் இல்லை. அதை இன்றைக்கும் சொல்வேன். எனக்கு முன்னால் பாடமாக இருந்த புத்தகத்தில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி பதினைந்து வாரமும் ரயிலைப் பிடிக்க ஓடிக்கொண்டே இருந்தார்கள். என் பிள்ளைகளில் பாதிப் பேர் ரயிலைக் கண்டதே பல்கலைக்கழகத்துக்கு வந்த அன்றுதான். மொழியை மட்டும் தனியாக எடுத்துக் கற்பிக்காதே, பிள்ளை எந்தப் பாடம் படிக்க வந்ததோ அந்தப் பாடத்துக்குள் வைத்துக் கற்பி என்பது அப்போது எங்கள் தொழிலில் புதிய பேச்சு. மாடு படிக்க வந்தவர்களுக்கு மாட்டை வைத்தே ஆங்கிலம் என்று நான் முடிவு செய்தேன். முதல் வாரம் வாய். அடுத்த நாலு வாரம் நாலு வயிறு. இப்படியே தீனி போகும் வழியில் பாடமும் போகும். சொல், வாக்கியம், கேள்வி, அறிக்கை எல்லாம் மாட்டுக்குள்ளேயே கிடைக்கும்.

இலங்ககோன் மேடம் அதை மூக்குக்கண்ணாடியின் மேலாகப் படித்தார்.

"பால் கறக்கிறது எங்க வருது, ஹீனடிகல?"

"கடைசிக்குக் கொஞ்சம் முன்னால மேடம். மடி எங்க இருக்கோ அங்க."

"பதினஞ்சாவது வாரம்?"

"சாணி, மேடம்."

"அது பரீட்சை வாரம்."

"தற்செயல்தான் மேடம்."

அவர் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, "இது சரியா வரலைன்னா பழைய புத்தகத்துக்கே போயிடுவாங்க. பிள்ளைங்க வீட்டுக்குப் போகும். நான் பென்ஷன்ல போவேன். நீங்க எங்க போவீங்கன்னு எனக்குத் தெரியாது," என்றார். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் வராந்தா நடை.

முதல் நாள் பசுவின் வாய்ப் படத்தைப் பலகையில் வரைந்து, மேல்தாடையில் முன்பற்கள் உண்டா என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அறுபத்திரண்டு பேரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். அது ஓடவில்லை. எளிய கேள்வி போட்டேன். உன் பெயர் என்ன? மின்விசிறி. கடைசி வரிசையில் ஒருவன் தும்மினான். தும்மியது எந்த மொழியில் என்று அவனுக்கே சந்தேகம் வந்து, பயந்து சுற்றிலும் பார்த்தான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ராகிங் இன்னும் முடியவில்லை.

எங்கள் பல்கலைக்கழகங்களில் பிள்ளைகள் ஆங்கிலத்துக்கு வைத்திருக்கும் பெயர் கடுவ. வாள் என்று அர்த்தம். இருக்கிறவன் வீசுவான், இல்லாதவன் கழுத்தைக் கொடுப்பான். ஆகவே சீனியர்கள் போடும் முதல் சட்டமே, புதிதாக வந்தவர் எவரும் கடுவையைத் தொடக்கூடாது என்பதுதான். வழக்கமாக மூன்று வாரத்தில் அது தளர்ந்துவிடும். அந்த வருஷம் சீனியர்களுக்குத் தலைவனாக இருந்தவன் லகிந்து. நாலாம் வருஷம், விலங்கு வேளாண்மை. ஒல்லியாக, உயரமாக, கொடிக்கம்பம் போல இருப்பான். எந்த வேலையைக் கொடுத்தாலும் முழுசாகச் செய்கிற சுபாவம். ராகிங்கையும் முழுப் பருவத்துக்கும் நீட்டிவிட்டான்.

நிர்வாகத்திடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொன்னால் லகிந்துவுக்கு இரண்டு வாரம் வகுப்புத் தடை வரும். அந்த இரண்டு வாரத்தையும் அவன் பிரெஷர்களோடு செலவிடுவான். ஆகவே நான் சொல்லவில்லை. நடந்தேன். இரண்டாம் வாரம், மூன்றாம் வாரம், நாலாம் வாரம். பாடத்திட்டத்தைப் பதினோரு தடவை மாற்றி எழுதினேன். படம் சேர்த்தேன், பாட்டு சேர்த்தேன், கயிற்றில் கட்டிய ஒரு நிஜமான மாட்டு எலும்பைக் கொண்டுவந்து ஆட்டினேன். ராத்திரி படுத்தால் கால் தானாக ஆடி மனைவியை உதைத்தது. அவள் மூன்றாம் நாள் தன் பாயை ஹாலுக்கு எடுத்துப் போய்விட்டாள்.

ஐந்தாம் வாரம், பொறுக்க முடியாமல், முன்வரிசையில் இருந்த உதேனி என்ற பெண்ணிடம் சிங்களத்திலேயே கேட்டேன். இரட்டைப் பின்னல், கணுக்கால் வரை பாவாடை, கண் மட்டும் சும்மா இருக்காது.

"அவங்க என்னதான் சொன்னாங்க? வார்த்தைக்கு வார்த்தை சொல்லு."

"தினம் காலைல கேன்டீன்ல கைகூப்பிச் சொல்லணும் சேர். 'எந்த மனுஷன்கிட்டயும் நாங்க கடுவ வீச மாட்டோம். வீசினா எங்க பேட்ச்சே நாசமாப் போகட்டும்.'"

"மனுஷன்கிட்டன்னுதான் சொல்றீங்களா?"

"ஆமா சேர்."

"நல்லா ஞாபகமா? உயிரினம்னு இல்ல?"

"மனுஷன்தான் சேர்," என்றாள் உதேனி. சொல்லும்போதே அவள் கண் ஜன்னலுக்கு வெளியே, தென்னந்தோப்புக்கு அப்பால் தெரிந்த பல்கலைக்கழகப் பண்ணையின் தகரக் கூரைக்குப் போனது. என் கண்ணும் அங்கேதான் போயிருந்தது. இரண்டு கண்ணும் திரும்பி வந்து ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

மறுநாள் வகுப்பு மாட்டுத் தொழுவத்தில்.

பண்ணையில் ஏழு கறவைப் பசுக்கள். அவற்றைப் பார்த்துக்கொண்டவர் ஜேமிஸ். முப்பது வருஷமாக மாட்டோடு இருந்து, மனிதர்களிடம் பேசும்போதும் முதுகைத் தட்டிக்கொடுத்துப் பேசுகிற பழக்கம். என்னை ஐயா என்ற மரியாதையோடு மாத்தயா என்பார். அறுபத்திரண்டு பேரைக் கண்டதும் வாளியைக் கீழே வைத்தார்.

"என்ன மாத்தயா, கல்யாண வீடா?"

"இங்கிலீஷ் வகுப்பு, ஜேமிஸ்."

"மாட்டுக்கா?"

"பிள்ளைங்களுக்கு. மாடு சும்மா கேட்டுக்கிட்டு நின்னாப் போதும்."

உதேனி முதலில் போனாள். ரத்தி என்ற சிவப்புப் பசு. பாடத்தில் எழுதியிருந்தபடியே வலது பக்கமாக வந்து, உள்ளங்கையை விரித்துக் காட்டி, நடுங்கும் குரலில் ஆங்கிலத்தில் சொன்னாள்: "பயப்படாதே. நான் வலது பக்கத்திலிருந்து வருகிறேன். உன்னைத் தொடப் போகிறேன்."

ஐந்து வாரத்தில் நான் கேட்ட முதல் வாக்கியம். தேதி போட்டுக் குறித்துக்கொண்டேன். ரத்தி காதை ஒரு தடவை ஆட்டிவிட்டு அசைபோட்டது.

அதன் பிறகு மதகு திறந்த மாதிரிதான். ஐந்து வாரமாகத் தேக்கி வைத்ததையெல்லாம் கொட்டினார்கள். மாட்டிடம் அதன் நாலு வயிற்றையும் விளக்கினார்கள். தீவனக் கணக்கு சொன்னார்கள். ஒரு பையன் சுது மெனிக்கே என்ற வெள்ளைப் பசுவிடம் தன் ஊர்க் குளம் வற்றிப்போன கதையை முக்கால் மணி நேரம் சொன்னான். இறந்தகாலம் முழுக்கச் சரியாக இருந்தது. நான் தொழுவத்தைச் சுற்றிச் சுற்றி நடந்து, ஓலைத் தட்டிக்குப் பின்னால் நின்று மார்க் போட்டேன். யாராவது என் பக்கம் திரும்பினால் உடனே வாய் மூடிக்கொள்ளும். நான் மனிதன் அல்லவா.

சீனியர்கள் விடுவார்களா? ஒரு ஒற்றனை அனுப்பினார்கள். அவன் புல்லுக்கட்டின் மேல் உட்கார்ந்து இரண்டு நாள் கவனித்து, பேச்சு முழுக்க மாட்டோடுதான் என்று அறிக்கை கொடுத்தான். கேன்டீனில் கூட்டம் போட்டார்கள். மாடு மனிதனா இல்லையா என்று இரண்டு மணி நேர விவாதம். தத்துவம் படித்த ஒருவன் உறுதியாகச் சொல்ல முடியாது என்றானாம். கடைசியில் லகிந்து தீர்ப்புச் சொன்னான்: "மாடு மனுஷன் இல்ல மச்சாங். நாலு வருஷமாப் படிக்கிறேன், எனக்குத் தெரியாதா?"

ஏழாம் வாரத்தில் ஜேமிஸ் என்னைத் தேடி வராந்தாவுக்கே வந்துவிட்டார். நடையை நிறுத்தாமல் பேசினேன். அவரும் கூடவே நடந்தார்.

"மாத்தயா, என் மாடுங்களக் கெடுத்துட்டீங்க."

"ஏன், என்ன ஆச்சு?"

"ரத்தி, காலத் தூக்குடின்னேன். பாக்குது. யாரு பெத்த புள்ளையோங்கிற மாதிரிப் பாக்குது. அந்த ரெட்டப் பின்னல் பொண்ணு வந்து புஸ்ஸு புஸ்ஸுன்னு என்னவோ சொல்லுச்சு. ஒடனே தூக்கிருச்சு."

"பால் எப்படி?"

அவர் முகம் இன்னும் சுருங்கியது. "அதான் மாத்தயா கேவலம். தலைக்கு ஒன்றரை லிட்டர் கூடிருச்சு."

"நல்லதுதானே?"

"இங்கிலீஷ்ல சொன்னாத்தான் விடுது. முப்பது வருஷம் சோறு போட்ட கை இது. நான் சிங்களத்துல கேட்டா ஒரு டம்ளரு தருது. பிச்சக்காரனுக்குப் போடுற மாதிரி."

வேறு வழியில்லாமல் ஜேமிஸுக்கு மூன்று வாக்கியம் சொல்லிக் கொடுத்தோம். பயப்படாதே. வலது பக்கமாக வருகிறேன். நல்ல பெண், அப்படியே நில். இதை வைத்து அவர் காலைக் கறவையை ஒப்பேற்றினார். கோமளி என்ற கிழப் பசு மட்டும் அவர் உச்சரிப்பைக் கேட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. அதற்கு எப்போதும் கொஞ்சம் பெருமை உண்டு.

மாலைக் கறவை வேறொருவன் கையில் இருந்தது. லகிந்துவின் கையில். பட்டத்துக்கு அவன் எடுத்துக்கொண்ட ஆய்வு, வேலிக்கு நடும் கிளிரிசிடியா மரத்தின் இலையைத் தீவனத்தில் சேர்த்தால் பால் கூடுமா என்பது. ஆய்வு செய்பவனே கறந்து அளந்து குறிக்க வேண்டும் என்பது பீடத்தின் விதி. தினமும் எங்கள் வகுப்பு மூன்று மணிக்குக் கலையும், அவன் மூன்றேகாலுக்கு வாளியோடு வருவான். ஆங்கிலம் கேட்டுக் குளிர்ந்து நிற்கும் பசுக்கள் அவனுக்குச் சொரியும். அவன் எல்லாம் இலையின் மகிமை என்று வரைபடத்தில் கோட்டை மேலே மேலே ஏற்றிக்கொண்டு போனான். அவனுடைய பேராசிரியர் அந்தக் கோட்டை நாலு பேருக்குக் காட்டிப் பெருமைப்பட்டாராம். எனக்கு உண்மை தெரியும். சொல்லவில்லை. நான் ஆங்கில ஆசிரியன்; இலை என் பாடம் இல்லை.

பதினாலாம் வாரம் பரீட்சை விடுப்பு. வகுப்பு கிடையாது. பிள்ளைகள் பலர் ஊருக்குப் போய்விட்டார்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மாட்டிடம் பேசுகிறார்கள், சரி. அடுத்த வாரம் வரப்போகிற பரீட்சகர் மாடு இல்லையே. ஓர் அறையில், ஒரு நாற்காலியில், எல்லாரும் பார்க்க ஒரு மனுஷி உட்கார்ந்திருப்பார். இவர்கள் மறுபடியும் மின்விசிறியைப் பார்த்தால்? வராந்தா போதாமல், தொழுவத்தைச் சுற்றி நடக்க ஆரம்பித்தேன். புதன்கிழமை மத்தியானம் அப்படி நடந்துகொண்டிருந்தபோதுதான் உள்ளே குரல் கேட்டது. தட்டிக்குப் பின்னால் நின்றேன்.

உதேனி ரத்தியிடம் பரீட்சைப் பேச்சை ஒப்பித்துக்கொண்டிருந்தாள். வாசலில் லகிந்து, கையில் வாளி. மூன்று நாளாக அவன் கோடு கிணற்றில் விழுந்துகொண்டிருந்தது. எட்டு லிட்டர் இரண்டாகிவிட்டது. ஜேமிஸ் அவனிடம் விஷயத்தை உடைத்துச் சொல்லிவிட்டார் என்பது அவன் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

"ஏய் பிரெஷர்."

"சொல்லுங்க ஐயே." சீனியரை அண்ணன் என்று கூப்பிடாவிட்டால் அதற்கும் ஒரு தண்டனை உண்டு.

"இப்ப அதுகிட்ட என்னமோ சொன்னியே, என்ன அது?"

"சொல்ல முடியாது ஐயே."

"என்னது? யார்கிட்டப் பேசுறேன்னு தெரியுதா?"

"தெரியுது ஐயே. மனுஷன்கிட்ட."

லகிந்து வாளியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான்.

"நான் சொல்றேன், சொல்லு."

"கைகூப்பிச் சத்தியம் பண்ணியிருக்கோம் ஐயே. பேட்ச்சே நாசமாப் போயிடும். நீங்கதானே சொல்ல வெச்சீங்க?"

லகிந்து வாளியைக் கீழே வைத்தான். எடுத்தான். மறுபடியும் வைத்தான். "இன்னும் ஒம்பது நாள் அளவு வேணும் எனக்கு. இல்லைன்னா ஆய்வே போச்சு. பட்டமே போச்சு. வீட்ல நாலு வருஷமாக் காத்துக்கிட்டிருக்காங்க, தெரியுமா உனக்கு?"

"எங்க வீட்லயும்தான் ஐயே. ஆறு நாள்ல பரீட்சை."

அவன் தொழுவத்துக்குள் ஒரு சுற்று நடந்தான். எனக்கு அந்த நடை நன்றாகத் தெரியும்.

"சரி. நாலு மணி வரைக்கும் நான் மாடு. போதுமா?"

"எழுதிக் குடுங்க ஐயே."

"என்ன?"

"நாளைக்கு யாராவது கேட்டா நான் என்ன காட்டுறது?"

பால் கணக்கு நோட்டில் ஒரு தாளைக் கிழித்து எழுதினான். 'இன்று மாலை நான்கு மணி வரை நான் மாடு.' பெயர், பதிவு இலக்கம், கையெழுத்து. உதேனி அதை வாங்கி, படித்து, திருப்பிக் கொடுத்தாள்.

"கீழ இன்னொரு வரி எழுதுங்க ஐயே."

"இன்னும் என்ன?"

"அடுத்த செவ்வாய் கொழும்புலேர்ந்து பரீட்சைக்கு வர்ற மேடமும் மாடு."

"அந்தம்மா ஒத்துக்குமா?"

"அவங்களை எதுக்குக் கேக்கணும் ஐயே? இது நம்ம சட்டம்."

அவன் எழுதினான். எழுதிவிட்டு, ஏதோ பெரிய மரத்தை வெட்டிச் சாய்த்தவன் போல மூச்சு விட்டான். உதேனி வாக்கியத்தைச் சொன்னாள். அவன் வாய் திறக்கவில்லை.

"சொல்லுங்க ஐயே. இங்க யாரும் இல்ல."

"நான் முதல் வருஷம் வகுப்புல ஒரே ஒரு தடவை இங்கிலீஷ்ல எந்திரிச்சுப் பேசினேன்," என்றான் லகிந்து, வாளியைப் பார்த்துக்கொண்டே. "பின் பெஞ்சுல கொழும்புப் பசங்க. சிரிச்சாங்க. சும்மா இல்ல, மேசையத் தட்டிச் சிரிச்சாங்க. அன்னைக்கே முடிவு பண்ணினேன், இனிமே இங்க எவனும் பேசக்கூடாதுன்னு."

"ரத்தி சிரிக்காது ஐயே."

அவன் ரத்தியின் வலது பக்கம் போனான். கையை விரித்தான். வாசலை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். "பயப்படாதே," என்று ஆங்கிலத்தில் சொன்னான். யாருக்குச் சொன்னான் என்று தட்டிக்குப் பின்னால் இருந்த எனக்குத் தெரியவில்லை. ரத்தி சிரிக்கவில்லை. ஆறரை லிட்டர் கொடுத்தது.

செவ்வாய்க்கிழமை வெளிப் பரீட்சகர், கலாநிதி சமரக்கொடி மேடம் வந்தார். நரைத்த கொண்டை, வெள்ளைச் சேலை. ஆறு பல்கலைக்கழகங்களில் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பியவர் என்று பெயர். மண்டபத்தில் ஒரு மேசை, ஒரு நாற்காலி. இலங்ககோன் மேடம் பக்கத்தில். கம்பி போட்ட ஜன்னல்களுக்கு வெளியே சீனியர்கள் கூட்டமாக நின்றார்கள், சட்டம் மீறப்படுகிறதா என்று பார்க்க. நான் பின்சுவர் ஓரமாக நடந்துகொண்டிருந்தேன்.

முதல் பையன் வந்தான். மேசைக்கு நேராக வரவில்லை. ஒரு அரைவட்டம் அடித்து, மேடத்தின் வலது பக்கமாக மெதுவாக வந்தான். உள்ளங்கையை விரித்துக் காட்டினான்.

"பயப்படாதீர்கள் மேடம். நான் வலது பக்கத்திலிருந்து வருகிறேன்."

சமரக்கொடி மேடத்தின் முதுகு விறைத்தது. இலங்ககோன் மேடம் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். பையன் நாலு வயிற்றையும் வரிசையாகச் சொல்லி, பிசகில்லாமல் முடித்து, "நன்றி, நீங்கள் மிகவும் அமைதியாக நின்றீர்கள்" என்றான். அவர் உட்கார்ந்திருந்தார். அதைத் தவிர எல்லாம் சரி.

இரண்டாவது பெண்ணும் வலது பக்கம். மூன்றாவதும். பன்னிரண்டாவது பையன் பழக்கதோஷத்தில் நாக்கால் சொடுக்குப் போட்டுவிட்டான். மேடம் அது ஏதோ கிராமத்து மரியாதை என்று நினைத்துத் தலையசைத்தார். இருபதாவது பையன் சட்டைப் பையிலிருந்து கிளிரிசிடியா இலையைப் பாதி எடுத்துவிட்டு, சுதாரித்து உள்ளே தள்ளினான். முப்பது பேர் முடிந்தபோது மேடம் செருப்பைக் கழற்றிவிட்டிருந்தார். சாப்பாட்டு இடைவேளையில் மீன் வைத்த மாலு பாணைப் பிட்டபடி என்னிடம் சொன்னார்:

"மிஸ்டர் ஹீனடிகல, இருபத்தாறு வருஷமாப் பரீட்சை வெக்கிறேன். பிள்ளைங்க எனக்குப் பயப்படும். எனக்குப் பயமா இருக்கான்னு ஒரு பிள்ளைகூட இதுவரைக்கும் கேட்டதில்ல. இதை எப்படித் திட்டத்துல கொண்டுவந்தீங்க?"

"பாடத்துக்குள்ளயே வந்துடுது மேடம்," என்றேன். பொய் இல்லை.

நாலே முக்கால் மணிக்கு அறுபத்தோரு பேர் முடிந்தார்கள். யாருக்கும் நாற்பதுக்குக் குறையவில்லை. கடைசி உதேனி. அவள் அரைவட்டம் அடிக்க ஆரம்பித்தாள். சமரக்கொடி மேடம் கையை உயர்த்தினார்.

"போதும் குழந்தை," என்றார் ஆங்கிலத்தில். "அறுபத்தோரு பேர் என்னைச் சமாதானப்படுத்திவிட்டார்கள். நான் சமாதானமாகவே இருக்கிறேன். நீ நேராக வா. ஒரு மனுஷியிடம் பேசுவது போல என்னிடம் பேசு."

உதேனி நின்றுவிட்டாள்.

கையெழுத்து இருந்தது மாட்டுக்கு. மனுஷிக்கு இல்லை. அந்த அம்மா தன் வாயாலேயே தன்னை மனுஷி என்று சொல்லிவிட்டார், அதுவும் நாற்பது சீனியர்களின் காது கேட்க. உதேனி ஜன்னலைப் பார்த்தாள். பேட்ச்சே நாசமாகப் போகும். அறுபத்தோரு பேரைக் கரையேற்றியவள் மண்டபத்தின் நடுவில், வாயை இறுக மூடிக்கொண்டு நின்றாள். மேடம் பேனாவை எடுத்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு நிமிஷம். ஒன்றரை. நான் நடப்பதை நிறுத்தினேன். நின்றால் கால் உதறியது, ஆகவே மறுபடியும் நடந்தேன். இரண்டு நிமிஷம்.

அப்போது ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே ஒரு தலை உள்ளே வந்தது. லகிந்துவின் தலை.

"மேடம்," என்றது அந்தத் தலை, ஆங்கிலத்தில், ஊருக்கே கேட்கும்படி. "அவள் பேசுவாள். பேசாதே என்று சொன்னது நான். இப்போது நான் பேசு என்று சொல்கிறேன். மன்னிக்கவும். எனக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான். மாட்டுக்குப் போதுமான அளவு."

அவன் பின்னால் ஒருவன் சிரித்தான். லகிந்துவின் காது சிவந்தது. தலையை வெளியே இழுக்கப் பார்த்தான், வரவில்லை. கம்பி பிடித்துக்கொண்டது. உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல், அந்தச் சிரிப்பை முதுகில் வாங்கியபடி, எங்கள் எல்லாரையும் பார்த்துக்கொண்டு நின்றான். சிரித்தவன் தனியாகச் சிரிப்பதை உணர்ந்து நிறுத்திக்கொண்டான்.

சமரக்கொடி மேடம் தலையையும் பார்த்தார், உதேனியையும் பார்த்தார். ஆறு பல்கலைக்கழகம் கண்டவர், ஒன்றும் விசாரிக்கவில்லை. கேள்விதான் கேட்டார்: "பசுவைத் தினமும் ஒரே நேரத்தில் ஏன் கறக்க வேண்டும்?"

உதேனி நேராக நடந்து மேசைக்கு முன்னால் போனாள்.

"ஏனென்றால் அது காத்திருக்கிறது, மேடம். அந்த நேரத்துக்குப் பால் இறங்கிவிடும். யாரும் வராவிட்டால் அது மடியிலேயே கட்டிக்கொள்ளும். முதலில் கனக்கும். பிறகு நோகும். பிறகு காய்ச்சல் வரும். அதனிடம் பால் இல்லை என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். அது தவறு. மிக அதிகமாக இருக்கிறது. கறக்க ஆள் வரவில்லை, அவ்வளவுதான்."

மேடம் அவளுக்கு என்ன மார்க் போட்டார் என்பது எனக்குத் தெரியும், ஆனால் பரீட்சை இரகசியம். நாற்பதின் இரண்டு மடங்குக்கு மேல் என்று மட்டும் சொல்லலாம்.

லகிந்துவின் தலையை எடுக்க அரைமணி நேரம் ஆனது. தச்சர் வந்தார், முடியவில்லை. தேங்காய் எண்ணெய் பூசினார்கள், முடியவில்லை. கடைசியில் ஜேமிஸ் வந்து அவன் முதுகைத் தட்டிக்கொடுத்து, தனக்குத் தெரிந்த மூன்று வாக்கியத்தையும் ஆங்கிலத்தில் சொன்னார். மூன்றாவதில் அவன் உடம்பைத் தளர விட்டான், தலை வந்துவிட்டது.

பத்து நாள் கழித்துக் கொழும்பிலிருந்து முடிவுப் பட்டியல் வந்தது. இலங்ககோன் மேடம் என்னைக் கூப்பிட்டார்.

"ஹீனடிகல, முதல் வருஷத்துல எத்தனை பிள்ளைங்க?"

"அறுபத்திரண்டு மேடம்."

"இதுல அறுபத்துமூணு பேரு பாஸ்."

எண்ணிப் பார்த்தேன். சரிதான். அறுபத்திரண்டு பெயருக்கும் கீழே, சமரக்கொடி மேடத்தின் சொந்தக் கையெழுத்தில், 'ஜன்னலில் இருந்தவர்: 46' என்று போட்டிருந்தது. அலுவலகத்தில் அதை அடிக்கலாமா என்று கேட்டார்கள். வெளிப் பரீட்சகர் எழுதியதை அடிக்க யாருக்கும் அதிகாரம் இல்லை என்றார் இலங்ககோன் மேடம். அப்படியே அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம்.

மத்தியானம் லகிந்து என் அறை வாசலில் வந்து நின்றான். நெற்றியின் இரண்டு பக்கமும் கம்பியின் தடம் இன்னும் இருந்தது.

"சேர், அந்த லிஸ்ட் எத்தனை நாளைக்கு பலகைல இருக்கும்?"

"வழக்கமா ஒரு வாரம். ஏன், எடுத்துடணுமா?"

"இல்ல சேர்." அவன் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினான். "அம்மா ஊர்லேர்ந்து வர்றதுக்கு ரெண்டு வாரம் ஆகும்."